சைக்கிளும் சாலை ஒழுங்கும்

இந்திய நகரம் எதுவாயினும், பொழுது புலரும் வேளையில் சாலைக்கு முதலில் வருவோருள் சைக்கிள் ஓட்டிகள் உண்டு. கேன்களைத் தொங்கவிட்ட பால்காரர், செய்தித்தாள் போடும் இளைஞர், முதல் ஷிப்டுக்கு விரையும் ஆலைத் தொழிலாளி ஆகியோர் அவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சைக்கிள் வைத்திருந்தன. மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி வைத்திருந்தவை 21 விழுக்காடே. பீகார் அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சைக்கிளில் பள்ளி சென்றனர். எனவே சைக்கிள் ஓட்டியின் பாதுகாப்பு, காவல் துறையின் கவலை மட்டுமன்று. வளர்ச்சிப் பிரச்சினையும் ஆகும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சைக்கிளில் சென்றோர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர். இறந்தவர் குடும்பத்தில் வருவாய் ஈட்டும் ஒரே நபராக இருப்பின், அக்குடும்பம் ஒரே நாளில் வறுமையில் வீழ்கிறது.

சைக்கிள் ஓட்டிகள் விதிகளை மதிப்பதில்லை என்பது பரவலான குற்றச்சாட்டு. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், எதிர்ப்புறமாக வருதல், இரவில் விளக்கின்றிச் செல்லுதல், கை காட்டாமல் திரும்புதல் ஆகியவை அன்றாடக் காட்சிகளே. இவற்றின் காரணத்தை ஆராய்ந்தால், பொருளாதாரம் பயின்றோர்க்கு ஓர் உண்மை புலப்படும். நின்ற வண்டியை மீண்டும் கிளப்ப மோட்டார் ஓட்டிக்குச் செலவாவது சில துளி எரிபொருள். சைக்கிள் ஓட்டிக்கோ உடல் உழைப்பு. சாலை நடுவிலுள்ள தடுப்பில் இடைவெளி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், சுமையேற்றியவர் குறுக்கு வழியையே நாடுவார். மேலும், சைக்கிள் ஓட்ட உரிமம் தேவையில்லை; ஆதலால் விதிகளைக் கற்பிப்பாரும் இல்லை.

ஆயினும் காரணம் வேறு, நியாயம் வேறு. எதிர்ப்புறப் பயணத்தில் மிச்சமாகும் நேரத்துக்கு என்ன விலை என்று கணக்கிடலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளும் 45 கிலோமீட்டர் வேகத்தில் லாரியும் ஒரே திசையில் சென்றால், இடையிலுள்ள 100 மீட்டர் மறைய 12 விநாடி ஆகும். எதிரெதிரே வந்தால் 6 விநாடியே. லாரி ஓட்டுநர் பார்த்து, முடிவெடுத்து, பிரேக் போட வேண்டிய நேரம் பாதியாகிவிடுகிறது. இருளில் விளக்கும் ஒளி எதிரொளிப்பானும் இல்லையெனில் அந்த 6 விநாடியும் கிடைக்காது. சைக்கிள்களின் எதிரொளிப்பான்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மைய அரசு 2020இல் பிறப்பித்ததன் பொருள் இதுவே.

அரசின் கடமையும் சிறிதன்று. வாகனங்களின் நகர்வைவிட மக்களின் நகர்வே முதன்மையானது என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. இருப்பினும் 2013இல் கொல்கத்தாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சாலைகளில் சைக்கிள் தடைசெய்யப்பட்டது. தடையால் பயணத் தேவை மறைவதில்லை. ஏழையின் வழி நீளுகிறது. மோட்டார் பொருத்தாத வண்டிகள் பற்றி மாநிலங்கள் விதிகள் வகுக்க, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 138ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. அவ்விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பணித்தது.

இவ்விதிகளை வரைவோர், அபராதத் தொகையோடு நின்றுவிடலாகாது. சந்திகளில் சைக்கிள் கடக்க நேரமும், தடுப்புகளில் போதிய இடைவெளிகளும், கடைகளும் நிறுத்திய ஸ்கூட்டர்களும் ஆக்கிரமிக்காத தனிப்பாதைகளும் வேண்டும். கடைப்பிடிக்கக்கூடிய விதியே கடைப்பிடிக்கப்படும்.

மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடியவையும் உள. இடப்புறமாகவே செல்லுதல், திரும்புமுன் கை காட்டுதல், சிவப்பில் நிற்றல், பிரேக்கையும் விளக்கையும் வாரந்தோறும் சரிபார்த்தல் ஆகிய நான்குக்கும் பெருஞ்செலவு இல்லை. சாலை அனைவருக்கும் உரியது என்று கோரும் உரிமை, அதன் ஒழுங்கைக் காப்போரிடத்தில் வலுப்பெறுகிறது.