நீரிழிவுடையாரும் இன்புளுவென்சாக் காய்ச்சலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். தமிழாசிரியனை மேடையேற்றுவோர் அதனையே எதிர்பார்த்தல் இயல்பு. ஆயினும் இவ்வாண்டு அதனை ஒதுக்கிவைத்து, ஒரு நோயைப்பற்றிப் பேச இசைவு வேண்டினேன். செயலாளர் அவர்களும் மனமுவந்து அளித்தார்கள். யான் மருத்துவன் அல்லேன். மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களிற் படித்தும், என் குடும்பத்தில் நேர்ந்ததோர் இழப்பினால் உணர்ந்தும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறப்புகுகின்றேன். பிழையிருப்பின் அவையிலுள்ள மருத்துவ அன்பர்கள் திருத்துவார்களாக.

இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கணக்கிட்டது. அக்கணக்கு நமக்கு எதற்கு? சற்றுமுன் இம்மண்டபத்திற் காப்பி வழங்கியபொழுது, "எனக்குச் சர்க்கரை வேண்டா" என்று எத்தனை குரல்கள் எழுந்தன என்பதை யாவரும் கேட்டோம். அக்குரல்களுக்கு உரியோரை நோக்கியே யான் பேசுகின்றேன். அவருள் யானும் ஒருவன். எனக்கு இந்நோய் கண்டு 6 ஆண்டுகளாகின்றன.

இன்புளுவென்சா என்னும் பெயர் இத்தாலிய மொழியினின்றும் வந்தது. விண்மீன்களின் ஆதிக்கத்தால் இக்காய்ச்சல் விளைகின்றதென அந்நாட்டார் ஒருகாலத்து எண்ணினராதலின், ஆதிக்கம் எனப் பொருள்படும் அச்சொல்லையே நோய்க்குப் பெயராக்கினர். கோள்களின்மேற் பழிசுமத்தும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்! இதனை விளைப்பது வைரஸ் என்னும் நுண்பொருளே என்பது 1933-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து ஆராய்ச்சியாளரால் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்த இக்காய்ச்சல், இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டுவிட்டது.

இதனை ஜலதோஷம் என்று கருதுவது நம்மவர் செய்யும் முதற்பிழை. ஜலதோஷம் மூக்கிலே தோன்றி மெல்ல வளர்வது. ஆளைப் படுக்கையிற் கிடத்துவது அரிது. இன்புளுவென்சாவோ காலையில் நலமாயிருந்தவனை மாலையில் வீழ்த்தும். கடுஞ்சுரம், உடல்வலி, வறட்டிருமல், எழுந்து நிற்கமாட்டாத சோர்வு ஆகியவை ஒருங்கே வந்து சூழும். நல்ல உடல்வலிமை உடையார் பெரும்பாலோர் ஒரு வாரத்திற் றேறிவிடுவர். நீரிழிவுடையார் செய்தி வேறு. 2009-ஆம் ஆண்டில் இந்நோய் புதுவடிவிற் பரவியபோது கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் ஆராய்ந்தனர். நோய்கண்டவருள் நீரிழிவுடையார் மருத்துவமனை சேர நேர்ந்தது ஏனையோரினும் மும்மடங்கென்றும், சேர்ந்தபின் தீவிர சிகிச்சைக்கு உட்பட்டது நான்குமடங்கென்றும் கண்டனர்.

இனி என் வீட்டுச் செய்தியைச் சொல்லுகின்றேன். அண்ணியார் இவ்வவையில் தாய்மார்களிடையே வீற்றிருக்கின்றார்கள். அவர்கள் இசைவு பெற்றே சொல்லுகின்றேன். 2022-ஆம் ஆண்டு புரட்டாசியில் என் தமையனார் என்னிடம், "தம்பி, டாக்டர் ஏதோ காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுகிறார், போடலாமா?" என்று கேட்டார். என்னிலும் 12 ஆண்டு மூத்தவர், ஜவுளிக்கடை நடத்தியவர், 14 ஆண்டு நீரிழிவோடு வாழ்ந்து, இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவர். படித்தவன் என்று என்னை மதித்துக் கேட்டார். யானோ, "காய்ச்சலுக்கு ஊசியா, அண்ணா? சுக்குக் கஷாயம் போதாதோ?" என்று நகைத்துவிட்டேன். அவரும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் என் வகுப்புப் பிள்ளைகள் பலர் காய்ச்சலால் வரவில்லை. எனக்கும் கண்டது. நான்கு நாட் கிடந்தேன். தீபாவளியன்று தமையனார் பலகாரத்தோடு என்னைப் பார்க்க வந்து, கட்டிலருகே அமர்ந்து நெடுநேரம் பேசியிருந்தார். மூன்றாம் நாள் அவர் படுத்தார். வாய் கசந்து உணவு செல்லாமையால், "உண்ணாதவனுக்கு இன்சுலின் எதற்கு?" என்று ஊசியை நிறுத்தினார். அதனையும் என்னிடம் தொலைபேசியிற் சொன்னார், யானும் சரியென்றேன். இரண்டு நாளில் மூச்சு வாங்கியது, மூச்சிற் பழம் அழுகினாற்போன்ற வாடை, அழைத்தால் விழிக்கவில்லை. தஞ்சாவூரிலே ஒரு மருத்துவமனையிற் சேர்த்தோம். சர்க்கரை அளவு 500-ஐக் கடந்திருந்தது. இரு நுரையீரலிலும் நிமோனியா. 11-ஆம் நாள் இறந்துபோனார்.

ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்தே இருப்பார் என்று யான் சூளுரைக்கவில்லை. அதனை யாரும் சொல்ல இயலாது. கேட்டவருக்கு அறியாமல் விடைசொன்னேன் என்பது மாத்திரம் உண்மை.

உண்ணாதபோதும் சர்க்கரை ஏறுமோ என்று ஐயுறுவீர்கள். ஏறும். காய்ச்சலோடு போராடும் உடல், இன்சுலினுக்கு மாறான சுரப்புக்களை மிகுதியாக வெளிவிடுகின்றது. கல்லீரலும் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்திற் கொட்டுகின்றது. இன்சுலின் இல்லையாயின் அச்சர்க்கரை உடலுக்குப் பயன்படாது. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் இரத்தம் அமிலமாகும். அந்த வாடை அதன் அடையாளமே. மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு நீரையும் இழுத்துக்கொண்டு செல்லுதலால் உடல் வறண்டுபோகும். இரத்தத்திற் சர்க்கரை மிக்கபோது, கிருமிகளை எதிர்க்கவேண்டிய வெள்ளணுக்களும் சுறுசுறுப்பிழந்துவிடுகின்றன. வைரஸ் திறந்துவைத்த வாயிலில் வேறு கிருமிகளும் புகுந்து நுரையீரலைப் பற்றுகின்றன.

தடுப்பூசியைப்பற்றி நம்மவர் கூறும் தடைகள் சில. ஊசியே காய்ச்சலைக் கொடுக்கும் என்பர். இங்கே பெரும்பாலும் போடப்படுவது செயலிழக்கச் செய்த வைரஸினால் ஆனது; அது நோயை உண்டாக்கமாட்டாது. ஓரிரு நாள் தோள் வலிக்கும், சிலருக்குச் சிறிது உடல் காயும், அவ்வளவே. கொரோனா ஊசி போட்டாயிற்றே என்பர். அது வேறு வைரஸ். சென்ற ஆண்டு போட்டோமே என்பர். இவ்வைரஸ் ஆண்டுதோறும் தன் மேலுருவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் இயல்பினது. ஊசியின் வலிமையும் மாதங்கள் செல்லச்செல்லக் குறையும். ஆதலின் உலக சுகாதார நிறுவனத்தார் ஆண்டுக்கு இருமுறை கூடி, அடுத்த ஊசியில் எவ்வெவ்வகை வைரஸ் அமையவேண்டும் என்று வகுக்கின்றனர். ஊசி போட்டவர்க்கு இந்நோய் வரவே வராது என்றும் எண்ணற்க. நன்கு பொருந்திய ஆண்டுகளில் மருத்துவரை நாடவேண்டிய நிலையை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கின்றது. வந்தாலும் பெரும்பாலும் கடுமை தணிந்து வருகின்றது. பாதியளவுதானே என்று யானும் முன்னர் எண்ணியதுண்டு. இப்பொழுது அப்பாதியைப் பெரிதாகவே மதிக்கின்றேன்.

போட்டபின் உடல் எதிர்ப்பாற்றல் பெற இரண்டு வாரம் செல்லும். சென்னையிலும் வேலூரிலும் ஆராய்ந்தோர், இந்நோய் அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகுவதாகக் கண்டனர்; அஃதாவது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆதலின் நமக்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. தவறியவர் பின்னர்ப் போடினும் பயனுண்டு. வீட்டிலுள்ள பிள்ளைகளும் போட்டுக்கொள்வது நன்று; பள்ளியிலிருந்து வீட்டுக்குக் காய்ச்சலைக் கொணர்வோர் அவர்களே. ஆசிரியரும்தாம்.

நோய் வந்துவிட்டாலோ, இன்சுலினைத் தாமே நிறுத்தலாகாது. எவ்வளவு போடுவதென மருத்துவரைக் கேட்கவேண்டும். மாத்திரைகளுட் சிலவற்றை வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ளபோது நிறுத்தவேண்டும். சிலவற்றை உண்ணாமல் விழுங்கினாற் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இன்னது இன்னதென்று நலமாயிருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். கஞ்சியும், மோரும், நீரும் சிறிது சிறிதாகச் செல்லட்டும். இவ்வைரஸை ஒடுக்கும் மருந்தும் உண்டு. இரண்டு நாளுக்குள் தொடங்கினாற்றான் அதன் முழுப்பயன் கிட்டும். மூச்சுத்திணறலோ, ஓயாத வாந்தியோ, தெளிவின்மையோ கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஒன்று மறந்தேன்: காய்ச்சற்காரரைப் பார்க்கச்செல்லும் நம் வழக்கம் அன்பினால் வந்ததே, ஆயினும் நீரிழிவுடையார் அவ்வன்பைத் தொலைபேசியிற் காட்டுவதே தக்கது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தனியார் மருத்துவமனையில் இவ்வூசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேலாகின்றது. நம்முள் அது பெரிய தொகையாயிருக்கும் குடும்பங்கள் பல. ஆண்டுதோறும் விழாவிற் பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவிடுகின்றோம். அதனை யான் இகழேன்; எனக்கும் இன்று ஒன்று போர்த்தினீர்கள். அச்செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, வரும் புரட்டாசி முதல் வாரத்தில் இம்மண்டபத்திலேயே தடுப்பூசி முகாம் நடத்துமாறு வேண்டுகின்றேன். இயன்றவர் தம் ஊசிக்கும், இயலாத ஒருவர் ஊசிக்குமாக இரட்டைத் தொகை கொடுக்கலாம். என் பெயரையும் அண்ணியார் பெயரையும், எங்கள் இருவரொடு வேறு இருவர்க்கு ஆகும் தொகையையும் செயலாளரிடம் இன்றே ஒப்புவிக்கின்றேன். பெயர்ப்பட்டியல் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றது. வருவோர் தத்தம் மருந்துச்சீட்டைக் கொணர்க. முன்னர் ஏதேனும் ஊசியால் கடும் ஒவ்வாமை கண்டவர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிப்பாராக.