தப்பான ஜன்னலில் ஏறியவன்

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரைப்படச் சங்கத்தில் ‘சரகோசா கையெழுத்துப் பிரதி’ என்ற போலந்துப் படத்தைத் திரையிடுகிறோம். வோய்ச்செக் ஹாஸ் 1965இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். போலந்து சினிமா என்றால் நம் ரசிகர்கள் வாய்டா, கீஸ்லோவ்ஸ்கி என்று மளமளவெனச் சொல்வார்கள். அந்த வரிசையில் ஹாஸின் பெயர் வருவதில்லை. எனக்கு அது நெடுநாள் ஆதங்கம்.

நெப்போலியன் காலத்துப் போர். ஸ்பெயினில் சரகோசா நகரம். சண்டைக்கு நடுவே ஓர் அதிகாரி ஒரு விடுதி மாடியில் ஒதுங்குகிறார். அங்கே பெரிய புத்தகம் ஒன்று கிடக்கிறது. புரட்டினால், தூக்கில் தொங்கும் இரண்டு பேரின் படம். போரை மறந்து உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பிடிக்க எதிரிப் படை அதிகாரி வருகிறார். வந்தவர் கண்ணும் புத்தகத்தில் விழுகிறது. பார்த்தால், அது அவருடைய பாட்டனார் கதை! கைதாவது ஒன்றாவது, எதிரிக்கே வாசித்துச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். இந்த ஒரு காட்சிக்காகவே, தயவுசெய்து, தாமதமாக வராதீர்கள்.

பாட்டனார் பெயர் அல்ஃபோன்ஸ். மாட்ரிட் போகிற வழியில் மலைப்பாதையில் மாட்டிக்கொள்கிற இளம் அதிகாரி. ஆளில்லாத விடுதியில் இரண்டு இளவரசிகள் விருந்து வைக்கிறார்கள். கண் விழித்தால் தூக்குமரத்தடியில், மண்டையோடுகளுக்கு நடுவே கிடக்கிறார். அந்த வேடத்தில் ஸ்பிக்னியெவ் சிபுல்ஸ்கி. வாய்டாவின் ‘சாம்பலும் வைரமும்’ படத்தில் கறுப்புக் கண்ணாடியோடு வருவாரே, அவரேதான்.

மூலம் யான் பொதோட்ஸ்கி என்ற போலந்துப் பிரபு பிரெஞ்சில் எழுதிய நாவல். அதைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம், இன்று நேரமில்லை. பிணம், மரம், கதைக்குள் கதை என்றதும் உங்களுக்கு விக்கிரமாதித்தனும் வேதாளமும் நினைவுக்கு வந்திருக்கும். வரட்டும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் அந்நியமாக இருக்காது.

எனக்கு உயிரான பகுதி இடைவேளைக்குப் பிறகு வருகிறது. நாடோடிக் கூட்டத்தின் தலைவர் அவதோரோ கதை சொல்லத் தொடங்குகிறார். அவர் கதையில் வருபவர் இன்னொரு கதை சொல்வார். அதில் வருபவர் வேறொன்று. அப்படி ஒரு கதையில், தொலேதோ என்ற வீரனுக்கு ஒரு நண்பன். நம்மில் யார் முதலில் செத்தாலும், செத்தபின் என்ன இருக்கிறது என்று மற்றவனுக்கு வந்து சொல்லவேண்டும் என்று இருவருக்கும் ஒப்பந்தம். நண்பன் வாள்சண்டையில் இறக்கிறான். ஒருநாள் இரவு தொலேதோவின் ஜன்னல் பக்கம் ஒரு குரல் கேட்கிறது. மனிதன் நடுங்கிப்போகிறான். ஆட்டபாட்டமெல்லாம் விட்டுவிட்டு, பாவத்துக்குப் பரிகாரம் தேட ஆரம்பிக்கிறான். நாமும் நம்பிவிடுகிறோம். படம் எங்கெங்கோ போகிறது, அந்த இரவு நமக்கு மறந்தேபோகிறது. வெகுநேரம் கழித்து, அடிபட்டுப் படுத்திருக்கும் ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளை தன் காதல் கதையைச் சொல்கிறான். காதலியைப் பார்க்க ஏணி போட்டு ஏறியவன், தப்பான ஜன்னலில் ஏறிவிட்டான்! அதே இரவு, அதே ஜன்னல். முதலில் உள்ளேயிருந்து பார்த்தோம், இப்போது வெளியேயிருந்து பார்க்கிறோம்.

முன்பு ஒருமுறை இதைத் திரையிட்டபோது, வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏணி சுவரில் சாய்ந்ததுமே, அந்தப் பையன் வாயைத் திறக்கும் முன்பே, “அட, இவந்தானா!” என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். அரங்கே திரும்பிப் பார்த்தது. அப்புறம் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “எங்க வேலையும் இதுதாங்க. கிளைக்கதைக்குள்ள போகலாம், எத்தனை வேணும்னாலும் போகலாம். எங்க விட்டோம்ங்கிறது பாடுறவனுக்கு மறக்கக்கூடாது. கேக்குறவனுக்கு மறந்தே போயிடணும்” என்றார். இந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக வேறு யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இதனால்தான் இந்தப் படத்தை வெட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. முழு நீளம் 182 நிமிடம். வெளிநாடுகளில் நீளம் அதிகம் என்று சொல்லிக் கத்தரித்தார்கள். அமெரிக்காவில் ஓடிய பிரதி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். முன்னால் கேட்ட குரலுக்குப் பின்னால் ஓர் ஏணி இருக்கிற படத்தில், எந்தக் காட்சியை வேண்டாத காட்சி என்று எடுப்பது?

நல்லவேளை, கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கித்தார் கலைஞர் ஜெரி கார்சியாவுக்கு இது மிகப் பிடித்த படம். முழுப் பிரதியை மீட்கப் பணம் கொடுத்தார். வேலை முடிவதற்குள், 1995இல், காலமாகிவிட்டார். இயக்குநர்கள் மார்ட்டின் ஸ்கோர்செஸியும் பிரான்சிஸ் கொப்பொலாவும் பொறுப்பேற்று அதை முடித்துவைத்தார்கள். நாங்கள் திரையிடுவதும் முழுப் படத்தைத்தான்.

பெண்டெரெட்ஸ்கியின் இசையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அது அரங்கில் உங்கள் காதுக்கே கிடைக்கட்டும். பொதுவாக, படத்துக்கு முன்னால் மேடையேறிக் கதைச்சுருக்கம் சொல்வது என் வேலை. இந்த முறை சொல்லப்போவதில்லை. யார் யாருக்குச் சொன்ன கதை என்று குழம்பினால் பதற வேண்டாம், அல்ஃபோன்ஸும் குழம்பித்தான் நிற்கிறார். இடைவேளையில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். வீட்டில் கதை கேட்கிற வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சரியாகத் தொடங்குகிறோம். அரங்கு நிறையும் என்று நம்புகிறேன்.