இரு கடிதங்கள், இரு திரைப்படங்கள்



ஜோசப் லோசி 1972-இல் இயக்கிய திரைப்படம் டிராட்ஸ்கியின் கொலையைப் பற்றியது. 1929-இல் சோவியத் நாட்டினின்று வெளியேற்றப்பட்டு, துருக்கி, பிரான்சு, நார்வே என அலைந்த அப்புரட்சியாளர், 1937-இல் மெக்சிகோவில் தஞ்சம் புகுந்தார். 1940 ஆகஸ்டு 20 அன்று, தான் எழுதிய கட்டுரையைப் பார்த்துத் தருமாறு வேண்டி வந்தவன், அவர் அதைப் படிக்கையில் பனிக்கோடரியால் தலையில் தாக்கினான். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது.

டிராட்ஸ்கியாக ரிச்சர்டு பர்ட்டனும் கொலைஞனாக அலென் தெலோனும் நடித்தனர். இடையே வரும் காளைச் சண்டை அளவிறந்து நீள்கிறது. (நம் மஞ்சுவிரட்டில் காளை வீடு திரும்பும், அங்கே திரும்புவதில்லை.) விமர்சகர் பலர் படத்தை இகழ்ந்தனர். கொலைஞன் ஏன் கொன்றான் என்பதைப் படம் தெளிவுறக் கூறவில்லை என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அது குறையன்று. பிடிபட்டபோது அவனிடம் ஒரு கடிதம் இருந்தது. டிராட்ஸ்கியின் சீடனாயிருந்து மனம் கசந்தவன் எனத் தன்னைக் கூறியது. அக்கடிதம் பொய். ரமோன் மெர்காதேர் என்னும் அவன், ஏவியவர் யாரென்று சொல்லாமலே இருபதாண்டுச் சிறையைக் கழித்து 1960-இல் வெளிவந்தான்.

அடுத்த ஆண்டு, 1961-இல், தமிழில் வந்தது பி. ஆர். பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’. கொலையுண்டவர் அங்கே நாடிழந்த புரட்சியாளர் அல்லர். திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ். தளவாய்புரத்திலிருந்து தென்காசி வழியே சென்றால் எய்தும் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டியில் மனைவியுடன் இருந்த அவரைச் சுட்டு, தம்மையும் மாய்த்துக்கொண்டார். உடன்வந்து தப்பியவராகக் கருதப்பட்ட ஓட்டப்பிடாரம் மாடசாமி கடைசிவரை அகப்படவில்லை. ஏடுகளில் வெறும் பெயராய் நின்ற அவருக்கு ஜெமினி கணேசனின் முகத்தையும், சாவித்திரியின் காதலையும், பாரதியின் கண்ணம்மாப் பாட்டையும் படம் வழங்கியது. ஏடு வெறுமையாய் இருந்த இடத்தில் கலை புகுந்தது. அதற்கு அவ்வுரிமை உண்டு.

ஆனால் வாஞ்சியின் பக்கம் வெறுமையாய் இல்லை. அவர் சட்டைப்பையிலும் ஒரு கடிதம் இருந்தது, அது பொய்யன்று. அன்னிய ஆட்சியின்மீது கொண்ட சினத்தோடு, சனாதன தருமத்தைக் காக்கும் வேட்கையும் அதில் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை இழிக்க அது எடுத்தாண்டது, நம் ஊர்களில் ஒடுக்கப்பட்டோரைக் குறித்த சாதிச் சொல். தாய்நாட்டுப் பற்றும் சாதிச் செருக்கும் ஒரே தாளில், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தன. வீரத்தைப் பாடுவோர் பலர் அச்சொல்லை விட்டுவிட்டே மேற்கோள் காட்டுகின்றனர். அச்சொல்லால் இன்றும் புண்படுவோர் அந்த வீரத்தைக் கேட்கும்போது எதனை நினைப்பர்?

மணியாச்சியை இனிப் படமாக்குவோர் அக்கடிதத்தை ஒரு வரியும் குறைக்காமல் திரையில் படிக்கச் செய்தல் வேண்டும். படித்து முடிந்தபின் சிறிது நேரம் இசையின்றி விடுதலும் வேண்டும்.