மலைவீட்டுப் பன்றிக்கறி



போளூரிலிருந்து மேற்கே மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் ஜவ்வாது மலைமீதுள்ள ஜமுனாமரத்தூரை அடையலாம். அங்குச் சுற்றிலும் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரள நாட்டாரோடு இவர்களைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். சாமை பயிரிடுவார்கள், வீட்டில் பன்றி வளர்ப்பாரும் உண்டு. விருந்தென்றால் அக்கறி அடுப்பேறும்.

பன்றி என்றதும் முகஞ்சுளிப்போர் சிலர் இருக்கலாம். வட தமிழகத்தில் 'பன்றிக்குத்திப்பட்டான் கல்' என்ற நடுகல் வகையே உண்டு. விளைநிலத்தை அழிக்கவந்த காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட வீரனுக்கு ஊரார் எடுத்த கல் அது. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டுப்பன்றியை நம் விருப்பம்போல் வேட்டையாட இயலாது. நான் சொல்லப்போவது வீட்டுப் பன்றியைப் பற்றியே.

தோளிலோ தொடையிலோ கொழுப்போடு கூடிய கறி ஒரு கிலோ வேண்டும். இஞ்சி, பதினைந்து பல் பூண்டு, மிளகு, சீரகம், மல்லி, நான்கு காய்ந்த மிளகாய் ஆகியவற்றை அம்மியில் கொரகொரப்பாக அரைத்து, மஞ்சளும் உப்பும் கூட்டிக் கறியில் பிசிறி, இரண்டு மணிநேரம் ஊறவிடுங்கள். கனத்த சட்டியில் கொழுப்புப்பக்கம் கீழாக இட்டு, அரைத் தம்ளர் நீர் விட்டு மூடி, சிறுதீயில் வையுங்கள். எண்ணெய் வேண்டா, கொழுப்பே உருகி எண்ணெயாகும். ஒன்றரை மணி கழித்து மூடியை நீக்கிப் புளிக்கரைசல் சிறிது தெளித்து, நீர் வற்றும்வரை புரட்டுங்கள்.

நீர் இருக்கும்வரை கறி நூறு பாகை வெப்பத்தைத் தாண்டாது. அதுவரை அது வேகுமேயன்றிச் சிவக்காது. நீர் வற்றியபின்பே மேற்பரப்பு பொன்னிறமாகும். அம்மாற்றத்தை 1912இல் விளக்கியவர் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அந்த மணத்திற்காகத் தொடக்கத்திலேயே தீயைக் கூட்டுவோர் உண்டு. அப்போது வெளிப்புறம் கருகும். உட்புறம் பச்சையாகவே நிற்கும்.

அங்கேதான் ஆபத்து. சில பன்றிகளின் தசையில் நாடாப்புழுவின் இளம் பருவம் அரிசிமணிபோல் தங்கியிருக்கும். அரைவேக்காட்டில் உண்டால் அது நம் குடலில் வளரும். வேறொரு வழி இன்னும் கொடியது. குடலில் புழு உடையவரின் மலத்தில் முட்டைகள் வெளிப்படும். அவை கைவழியோ நீர்வழியோ வாய்க்குட் சென்றால் குஞ்சுகள் மூளையில் குடியேறி வலிப்பை உண்டாக்கும். இறைச்சியே தொடாதவருக்கும் இது வரலாம்! வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோயைப் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர். எனவே கறியை முழுதும் வேகவைத்தலோடு, கழிப்பறையும், பன்றியை அடைத்து வளர்த்தலும், சோப்பிட்டுக் கைகழுவுதலும் இச்சமையலின் பகுதிகளே.

பெரிய துண்டொன்றைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு இருத்தலாகாது. எலும்பைக் கறி தானாக விட்டுவிட வேண்டும். இறக்கியதும் அரியாமல் பத்து நிமிடம் ஆறவிட்டால் சாறு உள்ளேயே நிற்கும். அதற்குள் சாமைச் சோறு வெந்துவிடும். சட்டியடியில் தேங்கிய கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் கீரை தாளிக்க ஆகும்.