பருத்திக் காட்டுப் பையன்



இன்று ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பெயர் ஜேம்ஸ் காட்டன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1935-இல் பிறந்த கறுப்பினப் பிள்ளை. பெற்றோருக்குப் பருத்திக் காட்டில் வேலை. அம்மா மவுத் ஆர்கனில் ரயில் மாதிரியும் கோழி மாதிரியும் ஊதிக் காட்டுவார். இதில் இவ்வளவுதான் வரும் என்று நினைத்திருந்தான் பையன். ஒருநாள் ரேடியோவில் சன்னி பாய் வில்லியம்சன் வாசித்தார். அடேயப்பா, இந்தச் சின்னப் பெட்டி அழுகிறதே, பேசுகிறதே! கேட்டுக் கேட்டே பழகினான். ஒன்பது வயதில் அவரிடமே போய்ச் சேர்ந்தான்.

உழைக்கும் கறுப்பின மக்களின் துயரப் பாட்டுக்குப் புளூஸ் என்று பெயர். அதில் புகழ்பெற்ற மடி வாட்டர்ஸ் குழுவில் 1954-இல் சேர்ந்து, 12 ஆண்டுகள் வாசித்தார். 1966-இல் சொந்தக் குழு அமைத்துப் பாடினார்.

1990-களில் தொண்டையில் புற்றுநோய் வந்தது. பாடகருக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? மூச்சு மிச்சம்! 1997-இல் கிராமி விருது கிடைத்தது. பின்னாளில் மற்றவர்கள் பாட, இவர் ஊதினார். 2017-இல் 81 வயதில் மறைந்தார்.

பெற்றோர்களே, பிள்ளை எதையாவது ஊதினால், "சத்தம் போடாதே, போய்ப் படி" என்று அதட்டுகிறோம். படிக்கட்டும். அரை மணி நேரம் ஊதவும் செய்யட்டுமே! அந்த அம்மா அதட்டவில்லை, ஊதிக் காட்டினார்.