புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் டேங்க் மூடியையும் பாருங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி.

வாகனப் பராமரிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. கடந்த மே மாதம் பேஸ்மென்டில் பெட்ரோல் வாசனை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ ராத்திரியில் பைக்குகளிலிருந்து பெட்ரோல் உறிஞ்சுகிறார்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பியது. சந்தேகம் இரவுக் காவலர் மீது விழுந்தது. கேமரா பதிவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வாசனை வந்ததே என் காரிலிருந்து.

நடந்தது இதுதான். ஏப்ரலில் என் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. அந்த வாரம் பி.யு.சி. சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். விளக்கு எரிந்தபடி போக மனம் வரவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினேன். விளக்கு அணைந்தது, சான்றிதழும் கிடைத்தது. மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

கார் நின்றுகொண்டிருந்தாலும் டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி வெளியே போகாமல் இருக்கக் காரில் கேனிஸ்டர் என்று ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பது கரி. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் கார்பன் ஃபில்டர் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே சரக்கு. டேங்கிலிருந்து வரும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும். இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். கரி மறுபடி காலியாகும். காற்றும் கெடாது, பெட்ரோலும் வீணாகாது.

என் காரில் அந்த வால்வின் மின் இணைப்பு போய்விட்டது. விளக்கு சொன்னது அதைத்தான். வால்வு திறக்காததால் கரி காலியாகவே இல்லை. போதாக்குறைக்கு எனக்கு ஒரு பழக்கம். பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும், ‘ரவுண்டா ஆக்கிடுப்பா’ என்பேன். கழுத்து வரை நிரப்பினால் ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்க் கேனிஸ்டரை நனைத்துவிடும். நனைந்த கரி எதையும் பிடிக்காது. கடைசியில் வால்வையும் மாற்றினேன், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேனிஸ்டரையும் மாற்றினேன்.

‘அப்படியானால் பி.யு.சி.யில் எப்படிப் பாஸ் ஆனது?’ என்று கேட்பீர்கள். அங்கே சைலென்சரில் குழாயை விட்டு, வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் போன்றவற்றைப் பார்க்கிறார்கள். டேங்கிலிருந்து கசியும் ஆவி அந்தக் குழாய்க்குத் தெரியாது. புதிய மாடல் கார்களைச் சந்தைக்கு விடும் முன், மூடிய அறையில் நிறுத்தி ஆவியை அளக்கிறார்கள். அதற்கான வரம்பு ஒரு சோதனைக்கு 2 கிராம். நம் கைக்கு வந்த பிறகு அதை அளப்பவர் யாருமில்லை.

உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2000-க்குப் பிந்தைய பெட்ரோல் கார் என்றால், காரின் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒயரைச் செருகிக் கணினியிடமே கேட்கிறார்கள். கோளாறு உண்டா என்பது ஒரு கேள்வி. சுயபரிசோதனைகளை எல்லாம் முடித்துவிட்டாயா என்பது இன்னொரு கேள்வி. பேட்டரியைக் கழற்றினால் அந்த முடிவுகள் அழிந்துபோகும். கார் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று தானே சொல்லிவிடும். திரும்ப ஓட்டிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். என் தந்திரம் அங்கே செல்லாது.

அதில் ஒரே ஒரு பரிசோதனை மட்டும் முடியாமல் இருக்கலாம் என்று விலக்கு தருகிறார்கள். அது இந்த ஆவிப் பரிசோதனைதான். காரணம், அது லேசில் நடக்காது. பெரும்பாலான கார்களில் டேங்க் சுமார் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்று இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வெயிலும் குளிரும் அதிகம் இருக்கக் கூடாது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பரிசோதனைக்கு முன் பேட்டரியைத் தொடாதே, டேங்கைப் பாதியளவில் வை, சில நாள் வழக்கம்போல ஓட்டு.

அங்கே டேங்க் மூடி தளர்ந்திருந்தால்கூட விளக்கு எரிய வேண்டும். நம் விதிகளில் அந்த வால்வின் மின் இணைப்பைக் கண்காணித்தாலே போதும், கசிவைக் கண்டுபிடிக்கும் கட்டாயம் இல்லை. அதனால் குழாயில் ஓட்டை விழுந்தாலும் உங்கள் காரில் விளக்கு எரியாமல் போகலாம். நமக்கு நம் மூக்குதான் துணை.

அடுத்த முறை பி.யு.சி.க்குப் போகும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. பெட்ரோல் போடும்போது முதல் ‘கிளிக்’கோடு நிறுத்தச் சொல்லுங்கள். சில்லறைக் கணக்குக்காக ரவுண்டு செய்ய வேண்டாம்.

2. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மூடும்போது ‘டிக்’ சத்தம் கேட்கும் வரை திருகுங்கள்.

3. விளக்கு எரிந்தால் பேட்டரியைக் கழற்றாதீர்கள். ஸ்கேன் செய்து, என்ன கோளாறு என்று எழுதி வாங்குங்கள்.

4. டேங்க் நிரப்பிய கையோடு பரிசோதனைக்குப் போகாதீர்கள். கேனிஸ்டரில் ஆவி நிறைந்திருந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் கலவை கூடி அளவுகள் ஏறலாம். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜின் சூடான பிறகு போங்கள்.

5. நம் பேஸ்மென்டில் எலித் தொல்லை உண்டு. ரப்பர் குழாய்களை அவை கடிக்கும். சர்வீஸில் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கேனிஸ்டரையும் பார்க்க வேண்டும்.

6. இரு சக்கர வாகனக்காரர்களுக்கு: பி.எஸ்.6 வண்டிகளிலும் இந்த டப்பா உண்டு. ‘இது எதுக்கு சார், எடுத்துடலாம்’ என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் சான்றிதழ் அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தேங்கும். அதில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். மாலையில் நம் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவது அந்தத் தரையில்தான். காவலர் நாற்காலி போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். வாசனை பலமாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அந்தக் காவலர் தம்பியிடம் மே மாதமே தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ‘பரவாயில்லை சார்’ என்றார். ஆனால் அவர் மேல் சந்தேகப்பட்டது குழுவில், எல்லோர் முன்னாலும். அதனால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் இருக்க வேண்டும் என்று இன்று கேட்கிறேன். இனி வாசனை வந்தால் கேமராவைப் பார்ப்பதற்கு முன் அவரவர் டேங்க் மூடியை ஒரு முறை பார்த்துக்கொள்வோம்.