பூரணை நிலவில் பூமியின் ஒட்சிசன்

பூரணை இரவில் மட்டக்களப்பு வாவியில் தோணியேறி, கல்லடிப் பாலத்தடியில் மீன்பாட்டுக்குக் காதுகொடுப்பது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். வடக்கே பாசிக்குடாவின் ஆழமில்லாக் கடலும் அன்று வெளிச்சமாகக் கிடக்கும். அந்த இரவுகளில்தான், பூமியிலிருந்து தப்பிய ஒட்சிசன் நிலவின் மண்ணில் போய் விழுகிறது.

2007இல் ஏவப்பட்ட யப்பானின் ககுயா செய்மதி, நிலவைச் சுற்றியபடி இதைப் பதிவுசெய்தது. ஒசாகா பல்கலைக்கழகத்தின் கென்டாரோ தெராடா குழுவினர் 2017இல் முடிவை வெளியிட்டனர். பூமியின் காந்தப்புலம் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீண்ட வாலாக இழுபடுகிறது. மாதந்தோறும் பூரணையை ஒட்டி ஐந்து நாட்களளவு நிலவு அந்த வாலுக்குள் இருக்கிறது. வேகமான ஒட்சிசன் அயன்கள் அப்போதுதான் அகப்பட்டன.

அவை பாசிக்குடா வானிலிருந்து கிளம்புவதில்லை. காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அருகே செல்வதால், இங்கே காந்தக் கோடுகள் தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கின்றன. மின்னேற்றமுள்ள துகள் அவற்றைக் குறுக்கறுத்து மேலேறுவது கடினம். துருவங்களிலோ கோடுகள் நிமிர்ந்து விண்வெளியை நோக்கித் திறந்திருக்கின்றன. வழி அங்கேதான்.

காந்தப் புயலின்போது பூமியைச் சூழும் துகள்கள் சூரியனிலிருந்தே வருகின்றன என்றுதான் முன்பு நம்பினார்கள். 1972இல் வெளியான செய்மதி அளவீடுகள் அதை அசைத்தன. புயல் வேளையில் வந்திறங்கியவற்றில், ஒரேயொரு இலத்திரனை இழந்த ஒட்சிசன் இருந்தது. சூரியக்காற்றின் ஒட்சிசன் பல இலத்திரன்களை இழந்தே வரும். ஆகவே இது பூமியின் சொந்தச் சரக்கு! 1981இல் ஏவப்பட்ட டைனமிக்ஸ் எக்ஸ்புளோரர், துருவங்களின் மேலே இந்த வெளியேற்றத்தை நேரிலேயே அளந்தது.

ஈர்ப்பை மீற வைப்பது எது? சூரிய ஒளி அணுக்களைப் பிரிக்கும்போது இலேசான இலத்திரன்கள் மேலே ஓடப் பார்க்கின்றன. கனமான அயன்கள் பின்தங்குகின்றன. இரண்டுக்குமிடையே மின்புலம் பிறந்து அயன்களை மேலே இழுக்கிறது. இயன் அக்ஸ்ஃபோர்ட், பாங்ஸ், ஹோல்சர் ஆகியோர் 1968இலேயே இப்படியொரு துருவக்காற்றைக் கணித்திருந்தார்கள். ஆனால் அந்த மின்புலம் மிகவும் மெல்லியது. அளக்கும் கருவி அரை நூற்றாண்டுக்குப் பிறகே வந்தது.

2022 மே 11இல் ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து நாசாவின் என்டூரன்ஸ் ரொக்கெட் கிளம்பி, 768 கி.மீ. உயரம் வரை போய்க் கடலில் விழுந்தது. அது கண்ட மின்னழுத்த வேறுபாடு வெறும் 0.55 வோல்ற்று, ரோச் லைற் பற்றரி ஒன்றில் இருப்பதன் மூன்றிலொரு பங்களவு. ஐதரசன் அயனுக்கு அதுவே போதும்: ஈர்ப்பைப்போல் 10.6 மடங்கு விசையுடன் அதை மேலே தள்ளுகிறது. கனமான ஒட்சிசனையும் அது உயர்த்திவிடுகிறது. அதற்கு மேலே துருவ ஒளியை உண்டாக்கும் ஆற்றல் அதை முடுக்கி, காந்த வாலுக்குள் அனுப்புகிறது.